காயில் கட்டுபவரின் நோட்டு: சிறுதொழிலுக்குத் திறமூல மென்பொருளும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும்

திறமூல மென்பொருளை இறக்கிக்கொள்ள யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் அதை ஒரு பட்டறையின் கணினியில் ஏற்றவும், அந்தப் பட்டறையின் பில், டி.சி. (டெலிவரி சலான்), சரக்கு இருப்பு, வாரச் சம்பளம் எல்லாம் அதில் ஓடும்படி அமைக்கவும், சட்டம் மாறும்போது மாற்றவும், ராத்திரி பத்து மணிக்கு நின்றுபோனால் எழுப்பிவிடவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி உண்டு. திறமூலத்தில் வியாபாரம் நடக்கிற இடம் இதுதான். 1989-இல் அமெரிக்காவில் மைக்கேல் டீமன், ஜான் கில்மோர், டேவிட் ஹென்கல்-வாலஸ் ஆகிய மூவர் தொடங்கிய சிக்னஸ் நிறுவனம், விலையில்லாத மென்பொருளுக்குப் பராமரிப்பை விற்றே பிழைக்கலாம் என்று காட்டியது. பின்னாளில் அதை வாங்கிய ரெட் ஹேட்டை 2019-இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இத்தனைக்கும் ரெட் ஹேட் விற்ற சரக்கின் மூலநிரல் ஊருக்கே திறந்து கிடந்தது.

கோவைக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படும் மோட்டாரை இங்கே செய்தார்கள். அதன் பிறகு பம்புசெட் தொழில் கொங்கு நாடெங்கும் வேர்பிடித்ததற்கு மோட்டார் செய்தவர்கள் பாதிக் காரணம். ஊருக்கு ஊர் காயில் கட்டத் தெரிந்தவர்கள் இருந்தது மீதிப் பாதி. காயில் போன மோட்டார் கடைக்கு வந்தால், வைண்டிங் செய்பவர் கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட மாட்டார். ஸ்லாட் எத்தனை, ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று எண்ணி, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டு இருந்தால் அடுத்த முறை யார் வேண்டுமானாலும் அதே மோட்டாரைக் கட்டலாம். நோட்டு இல்லாமல் கணக்கு மனசுக்குள்ளேயே இருந்தால், அவர் கல்யாணத்துக்குப் போன வாரம் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயாது.

திறமூல மென்பொருளும் எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பார்க்கக்கூடிய மோட்டார்தான். பிரித்துப் பார்க்கலாம் என்பதால் மட்டும் மெக்கானிக் கிடைத்துவிடுவதில்லை. கிடைத்தவர் நோட்டு எழுதுகிறவரா என்பதும் பெட்டியின் மேல் அச்சாகி வருவதில்லை. நம்பகமான ஆளைத் தேடுவது என்பது பெரும்பகுதி நோட்டு எழுதுகிற ஆளைத் தேடுவதே.

தேடும் முன், எதற்கு ஆள் தேவை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாளிக்கு எல்லாமே "கம்ப்யூட்டர்". வேலையோ மூன்று வேறு கைகளுக்கு உரியது. மேஜைக் கணினி, பிரிண்டர், ரவுட்டர், யு.பி.எஸ். ஆகியவற்றைப் பார்ப்பவர் ஒருவர். சர்வர், நெட்வொர்க், பேக்கப் பார்ப்பவர் இன்னொருவர். பில்லிங், உற்பத்தி, கணக்கு ஓடும் இ.ஆர்.பி. மென்பொருளை அறிந்தவர் மூன்றாமவர். காந்திபுரத்தில் கணினி பூட்டித் தரும் கடைக்காரர் போட்டுத் தரும் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பெரும்பாலும் முதல் அடுக்கோடு நின்றுவிடும். ஹார்டு டிஸ்க் போனால் புது டிஸ்க் வரும். அதில் இருந்த கணக்குக்கு அவர் பொறுப்பல்ல. ஒப்பந்தத் தாளில் இது சிறிய எழுத்தில் இருக்கும், பல தாள்களில் அதுவும் இருக்காது.

மேஜைக் கணினியில் விண்டோஸுக்குப் பதில் திறமூல லினக்ஸ் வைப்பது பற்றிய பேச்சு 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது மறுபடி எழுந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகள் பட்டறைகளில் ஏராளம். உபுண்டு, டெபியன், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அவற்றில் நன்றாகவே ஓடும். தடுக்கி விழும் இடங்கள் வேறு: டிஜிட்டல் கையெழுத்துக்கான டி.எஸ்.சி. டோக்கனின் டிரைவர், மூன்று காப்பி பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எடைமேடையிலிருந்து சீரியல் வயர் வழியே வரும் எடை, கைரேகை வருகைப் பதிவுக் கருவி, ஆடிட்டர் அனுப்பும் மேக்ரோ நிறைந்த எக்செல் தாள். திருப்பூரில் பிரிண்டிங் டிசைன் போடுபவருக்குக் கோரல் டிரா வேண்டும். கோவை பேட்டர்ன் கடைக்குக் கேட் (CAD) மென்பொருள் வேண்டும். ஆடிட்டருக்கு டேலி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம். டோக்கனையும் பிரிண்டரையும் முதலில் கேட்டு, ஒரே ஒரு கணினியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்பவர் வேலை தெரிந்தவர். டேலியைக் கணக்குக்கு விட்டுவைத்து, உற்பத்தியையும் சரக்கையும் மட்டும் திறமூலத்துக்குக் கொண்டுபோவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

விஷயம் அடர்த்தியாவது இ.ஆர்.பி.யில்தான். இந்தியச் சிறுதொழிலில் அதிகம் அடிபடும் திறமூல இ.ஆர்.பி. பெயர்கள் இரண்டு. ஒன்று, மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் எழுதும் இ.ஆர்.பி.நெக்ஸ்ட். அதைத் தொடங்கிய ருஷப் மேத்தா, தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்கு ஒரு இ.ஆர்.பி.யைப் பொருத்தப் பார்த்துச் சரிவராமல் தானே எழுத உட்கார்ந்தவர். மற்றது பெல்ஜியத்தின் ஓடூ. இரண்டும் திறமூலம் என்று ஒரே மூச்சில் சொல்லப்பட்டாலும் ஒன்றல்ல. இ.ஆர்.பி.நெக்ஸ்ட் முழுவதும் ஜி.பி.எல். உரிமத்தில் கிடைக்கிறது. ஓடூவில் 2015 முதல் கம்யூனிட்டி, எண்டர்பிரைஸ் என இரண்டு பதிப்புகள். முழுக் கணக்கியல் வசதி இருப்பது கட்டணப் பதிப்பான எண்டர்பிரைஸில். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு ஏற்றித் தரும் ஓடூவின் சேவையும் எண்டர்பிரைஸ்காரர்களுக்கே. கம்யூனிட்டி வைத்திருப்பவர் ஓப்பன்அப்கிரேடு என்ற தனித் திட்டத்தின் வழியே போக வேண்டும். "ஓடூ ஃப்ரீங்க" என்று விற்பவர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்கிறாரா என்று கவனிக்கலாம். இ.ஆர்.பி.நெக்ஸ்டிலும் மறைந்த செலவு உண்டு. அதன் ஜி.எஸ்.டி. வேலையை 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்ற தனிச் செயலி பார்க்கிறது. செயலி திறமூலம்தான், ஆனால் இ-இன்வாய்ஸ் நேரடியாக அரசு தளத்துக்குப் போய்வரும் வழிக்குப் பொதுவாகக் கட்டணம் உண்டு.

சட்டம் ஓடும் வேகம் இந்தத் தொழிலின் அச்சாணி. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. அடுத்த மூன்று ஆண்டுக்குள் 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-இல் 5 கோடிக்கு வந்து நின்றது. குறிச்சி சிட்கோவின் நடுத்தரப் பட்டறை வரை அதில் அகப்பட்டது. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 12 சதவீதம் 5 ஆனது. முந்தின இரவே ஒவ்வொரு சரக்கின் வரியும் மாறியிருக்க வேண்டும். போட்டு முடிக்காத பில் எந்தப் பக்கம் விழும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். பராமரிப்புக்கு ஆள் தேடுபவர் கேட்கக்கூடிய மிக எளிய கேள்வி: அந்த இரவு உங்கள் வாடிக்கையாளர்களுக்கு என்ன செய்தீர்கள்? தேதியும் வேலையும் சொல்லி விவரிப்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

சட்டத்துக்கு இணையாகத் தொழிலும் தெரிய வேண்டும். திருப்பூரில் நூல் டி.சி. போட்டு நிட்டிங்குக்குப் போகும். துணியாக வந்து சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், கட்டிங். ஒவ்வொரு படியிலும் எடை குறையும். கிலோ கணக்கில் போனது அதே கிலோவாகத் திரும்ப வராது, வரவும் கூடாது. இந்த பிராசஸ் லாஸை இருப்பில் எப்படிக் காட்டுவது என்று தெரியாத மென்பொருள்காரர், மாதக் கடைசியில் மூட்டை மூட்டையாகக் காணாமல் போன துணியைத் தேடிக்கொண்டிருப்பார். ஃபவுண்டரியில் இதன் தலைகீழ். வார்ப்பிலிருந்து அறுத்தெடுக்கும் ரன்னரும் ரைசரும் மறுபடி உலைக்கே போகின்றன. கழித்த காஸ்டிங்கும் போகிறது. அது விற்ற சரக்கல்ல, வீணும் அல்ல. நாமக்கல் முட்டைக்கும் கரூர் வீட்டுத்துணிக்கும் அதனதன் கணக்கு உண்டு. ஐந்து நிமிடப் பேச்சில் "லாஸ் எத்தனை பர்சன்ட் வைக்கறீங்க?" என்று எதிரில் இருப்பவர் தானாகக் கேட்டால், நற்சான்றிதழ் எதையும் பார்க்கத் தேவையில்லை.

ஆள் கிடைக்கும் வழிகள் சில உண்டு. மென்பொருளைச் செய்யும் நிறுவனமே சர்வர் இடமும் ஆதரவும் சேர்த்து விற்கும். செலவு கூடுதல், ஆனால் பதிப்பு ஏற்றமும் பேக்கப்பும் அவர்கள் தலையில். ஃபிராப்பேயும் ஓடூவும் தங்கள் தளங்களில் பார்ட்னர் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் பெயர் இருப்பதற்கு, அந்த நிறுவனம் விற்கத் தெரிந்தது என்பது வரையில்தான் பொருள். நிரலை இணையத்தில் திறந்துவைத்து மற்றவர் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவரா என்பது அதைவிடப் பெரிய சான்று. மூலத் திட்டத்தின் மாற்றப் பதிவுகளில் அவர் பெயர் தேடினால் கிடைக்கும். மூடிய மென்பொருளில் இப்படிச் சரிபார்க்க வழியில்லை. 1998 முதல் சென்னையில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு, 2012 முதல் தமிழில் திறமூலம் பற்றி எழுதிவரும் கணியம் ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த ஆட்களில் இத்தகையவர் பலர். கடைசி வழி, சொந்தமாக ஒரு பையனை வேலைக்கு வைப்பது. பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி., பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி என்று சுற்றுவட்டாரத்தில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருஷம் கற்றுக்கொண்டதும் பெங்களூரு கூப்பிடும். அவன் போவதில் குற்றமில்லை. நோட்டு எழுதாமல் போனால்தான் தொல்லை.

ஆள் இல்லாமல் மென்பொருளை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2007-ஐ ஒட்டி, ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பல லட்சம் மாணவர் கைக்கு லினக்ஸ் போனது. முக்குக் கடைச் சர்வீஸ்காரரின் கைக்கு அந்த வேலை போகவில்லை. பழுது என்று கொண்டுபோனால் கடைக்காரருக்குத் தெரிந்த மருந்து விண்டோஸை மறுபடி ஏற்றுவது ஒன்றே. பக்கத்துக் கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் லினக்ஸுக்குப் போனபோது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிதோறும் ஓர் ஆசிரியரை அதற்குப் பொறுப்பாக்கியது. அங்கே லினக்ஸ் நிலைத்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று கொள்ளலாம்.

பராமரிப்பவரின் தரத்தை அளக்க இருக்கும் சோதனைகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் விட எடை கூடியது: பேக்கப்பைத் திரும்ப ஏற்றிக் காட்டச் சொல்வது. பேக்கப் எடுக்கிறோம் என்று சொல்லாதவர் யாரும் இல்லை. இ.ஆர்.பி.நெக்ஸ்டில் முழு பேக்கப் என்பது நான்கு கோப்புகள்: சுருக்கிய தரவுத்தளம் ஒன்று, பொதுக் கோப்புகளின் மூட்டை ஒன்று, தனிக் கோப்புகளின் மூட்டை ஒன்று, தளத்தின் அமைப்புக் கோப்பு ஒன்று. பேக்கப் கட்டளையைக் கோப்புகளையும் சேர்க்கச் சொல்லாமல் ஓட்டினால் இரண்டு மூட்டைகளும் வராது. தினமும் பேக்கப் ஓடும், பச்சை டிக் விழும். ஸ்கேன் செய்து இணைத்த பில்கள், பார்ட்டி அனுப்பிய டிராயிங்குகள் எதுவும் அதில் இருக்காது. அமைப்புக் கோப்பு தொலைந்தால் இன்னொரு வேடிக்கை. சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டிய சாவி அதற்குள்தான் இருக்கிறது. கணக்கெல்லாம் திரும்பி வந்துவிடும், மின்னஞ்சல் மட்டும் போகாது. ஏன் என்று ஒருநாள் முழுக்கத் தேடுவார்கள். ஓடூவிலும் இதே கதைதான்: தரவுத்தளத்தின் நகல் ஒரு பக்கம், இணைப்புக் கோப்புகளின் கிடங்கு வேறு பக்கம். ஆகவே சோதனை இப்படி இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை ஓடாத நேரத்தில், ஒரு காலிக் கணினியை வைத்து, "தம்பி, போன புதன்கிழமை பேக்கப்ப இந்த மிசின்ல ஏத்திக் காட்டுங்க" என்று சொல்வது. ஏற்றி முடித்ததும் புதன்கிழமை போட்ட ஒரு பில்லைத் திறந்து, இணைத்த டிராயிங்கையும் திறந்து பார்ப்பது. எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைப்பது. உண்மையில் சர்வர் விழும் நாளில் பட்டறை எவ்வளவு நேரம் பில் போடாமல் இருக்கும் என்பதற்கு அந்த எண்ணே நேர்மையான பதில். ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்ய ஒப்பந்தத்திலேயே இடம் இருக்க வேண்டும்.

அடுத்தது, மாற்றங்களை எங்கே எழுதுகிறார் என்பது. மூலநிரல் திறந்திருப்பதால் கைவைக்க ஆசை வரும். மூலக் கோப்பிலேயே நாலு வரியைத் திருத்தினால் வேலை அன்றே முடியும். அடுத்த பதிப்பு ஏற்றும்போது அந்த வரிகள் அழியும், அல்லது ஏற்றமே நின்றுவிடும். பட்டறைக்கான மாற்றங்கள் தனிச் செயலியாக, பட்டறையின் பெயரில் உள்ள கணக்கில், யார் எப்போது ஏன் மாற்றினார் என்ற குறிப்புடன் இருக்க வேண்டும். இதைவிடக் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு: தப்பான பில்லைத் திருத்த நேரடியாக டேபிளில் போய் எண்ணை மாற்றுவது. "உள்ள போய் மாத்திட்டேங்க, இனிச் சரியா வரும்" என்று பெருமையாகச் சொல்பவரும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பது விதி. தரவுத்தளத்தில் நேராகக் கைவைத்தால் தடம் விழாது. ஆடிட்டர் அறிக்கையில் இது வரும்.

பதிப்புகளின் ஆயுளும் நோட்டில் இருக்க வேண்டும். 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பி சர்வரில் சென்ட் ஓ.எஸ். 8 லினக்ஸ் ஏற்றியவர்களுக்கு, 2020 டிசம்பரில் வந்த ஓர் அறிவிப்பு அதை 2021 கடைசியோடு முடித்துவைத்தது. ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று மாற்றுகள் சில மாதங்களில் வந்தன. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அது நடந்தது. ஆனால் மாற்றி ஏற்ற ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது, ஆள் வைத்திராத சர்வர்கள் அப்படியே கிடந்தன.

பாதுகாப்பில் கேட்க வேண்டியது சுருக்கம். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல்தொகுப்பின் ஓட்டை வெளிவந்த வாரம், "நம்ம சர்வர்ல அது இருக்குங்களா?" என்பதற்கு அன்றைக்கே பதில் சொல்ல முடிந்ததா? நிறுவிய எல்லாவற்றின் பட்டியலும் கையில் இருந்தால்தான் முடியும். 2022 ஏப்ரல் 28-இல் வந்த, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் ஆணைப்படி, அது பட்டியலிடும் கணினித் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் பராமரிப்பவர் அறிந்திருக்க வேண்டும். அறிந்து, யார் தெரிவிப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் போனை எடுக்கும் நேரமும் பழுதைச் சரிசெய்யும் நேரமும் வேறு வேறு வரிகள். நூற்பாலை மூன்று ஷிப்டு ஓடும். காலை பத்து முதல் மாலை ஆறு வரை மட்டும் என்ற ஆதரவு அதற்கு ஆகாது. மாதந்தோறும் ஜி.எஸ்.டி.ஆர்-1 போகும் 11-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி போகும் 20-ஆம் தேதியும் ஒட்டிய நாட்களில் சர்வரில் எந்த மாற்றமும் செய்வதில்லை என்று எழுதிக்கொள்வது நல்லது. தீபாவளி போனஸ் வாரமும் அப்படியே. டொமைன் பெயர், சர்வர் வாடகைக் கணக்கு, நிரல் கிடங்கு எல்லாம் பட்டறையின் மின்னஞ்சலில், பட்டறையின் கார்டில் இருக்க வேண்டும். பராமரிப்பவர் தன் பெயரில் வாங்கி "நான் பாத்துக்கறனுங்க" என்றால், அது அன்பாகவே இருந்தாலும் மறுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்த மாற்றங்களின் மூலநிரலும், அதைப் பயன்படுத்தும் உரிமையும் பணம் கொடுத்த பட்டறைக்கே என்று ஒரு வரி வேண்டும். பணத்தை மொத்தமாக முன்னால் கொடுப்பதும், முழுக்கப் பின்னால் தள்ளுவதும் இரண்டுமே ஆகாது. கூலி தாமதமாகும் பட்டறைக்குப் போன் கடைசியாகத்தான் எடுக்கப்படும்.

ஆள் மாறும் நாள் வந்தே தீரும். அன்று பழையவரும் புதியவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, நோட்டை வைத்து, புதியவர் தன் கையால் ஒரு பேக்கப்பை வேறு கணினியில் ஏற்ற வேண்டும். பழையவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். நோட்டில் இல்லாத எதையாவது அவர் வாயால் சொல்ல நேர்ந்தால், அதை அங்கேயே எழுதிச் சேர்க்க வேண்டும். பிறகு அவருடைய நுழைவுச் சாவிகளை நீக்கி, கடவுச்சொற்களை மாற்றி, புதியவற்றை உறையில் ஒட்டிப் பீரோவில் வைக்க வேண்டும். புதிய சர்வருக்கு மாறியிருந்தால் பழையதை உடனே துடைத்துவிடக் கூடாது. அணைத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த மாதம் 20-ஆம் தேதி 3பி புதியவர் கையில் தாக்கலான பிறகு அழிக்கலாம்.